தப்புப் பெட்டிக்குப் போகாத பலகை

என் மகள் பிறப்பதற்கு முன்பே அவள் பெயர் பித்தளையில் தயாராகிவிட்டது. மற்ற வீடுகளில் பிள்ளை பிறந்த பிறகு பெயரைத் தேடி அலைவார்கள். நாங்கள் பெயரை வாசலில் மாட்டிவிட்டுப் பிள்ளைக்காகக் காத்திருந்தோம். எங்கள் தொழில் அப்படி. பெயர்ப்பலகை செய்கிறவர்கள் நாங்கள். டாக்டர், வக்கீல், ஆடிட்டர் என்று இந்த ஊரில் யார் கதவுக்கு வெளியே பித்தளையில் பெயர் பளபளத்தாலும், அது அநேகமாக எங்கள் பட்டறையில் வெட்டியதாகத்தான் இருக்கும்.

பட்டறை கீழே, வீடு மேலே. இரண்டையும் ஆள்வது என் மாமனார். அவரை எல்லோரும் முதலாளி என்றுதான் சொல்வார்கள். எல்லோரும் என்றால் அவர் மனைவியும் சேர்த்துத்தான். நான் இங்கே எழுத்து வரைகிற வேலைக்கு வந்தவள். பலகையில் வெட்டுவதற்கு முன்னால் எழுத்துகளை அளவெடுத்துத் தாளில் வரைந்து கொடுக்க வேண்டும், அதுதான் என் வேலை. முதலாளியின் மூத்த மகனுக்கு முதலில் என் எழுத்து பிடித்தது, பிறகு நானும் பிடித்துப்போனேன். கல்யாணமான கையோடு என் சம்பளம் நின்றது. வீட்டுப் பெண்ணுக்கு யாராவது சம்பளம் கொடுப்பார்களா என்று கேட்டார்கள். கொடுப்பார்களே என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அவர்கள் பதில் வேண்டிக் கேட்கவில்லை.

நான் முழுகாமல் இருந்தபோது, பிறக்கப்போவது பையன்தான் என்பதில் முதலாளிக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. ஆதாரம் கேட்டால் தன்னையே காட்டுவார். அவர் வீட்டுக்கு மூத்தவர், அவர் மூத்த பிள்ளையும் ஆண். இதற்கு மேல் விஞ்ஞானம் என்ன சொல்லிவிடப் போகிறது? பெயரும் முடிவாகியிருந்தது. பட்டறையைத் தொடங்கிய அவருடைய அப்பாவின் பெயர். சாதாரணப் பெயர் இல்லை. காதில் விழுந்தாலே முறுக்கு மீசையும் கட்டைக் குரலும் கூடவே வந்து நிற்கும். எங்கள் வீட்டில் அதை யாரும் வாயால் சொல்வதுகூட இல்லை, அவ்வளவு மரியாதை. "பெரியவர் பேரு" என்போம், எல்லோருக்கும் புரியும்.

அந்தப் பலகையை முதலாளி தன் கையாலேயே வெட்டினார். உளியைப் பிடித்து வெகு காலமாகியிருந்தது. மேற்பார்வை பார்ப்பதே பெரிய உழைப்பு என்பது அவர் கட்சி. இருந்தாலும் கை மறக்கவில்லை. நல்ல கனமான தகடு எடுத்து, எழுத்தை ஆழமாக வெட்டி, கறுப்பு எனாமல் ஊற்றி, பாலிஷ்காரரிடம் கொடுத்து முகம் தெரிகிற மாதிரி தேய்க்க வைத்தார். மேலே பெரிய எழுத்தில் பெரியவர் பெயர். கீழே சின்ன எழுத்தில் 'இளைய முதலாளி'. பட்டறை வாசலில், நடுத் தூணில், நான்கு ஸ்க்ரூ போட்டு இறுக்கினார். அப்போது இளைய முதலாளி என் வயிற்றுக்குள் விக்கிக்கொண்டிருந்தார். வருகிற வாடிக்கையாளர்கள் எல்லாம் பலகையைப் படித்துவிட்டு முதலாளிக்குக் கை கொடுத்தார்கள். எனக்கு யாரும் கொடுக்கவில்லை. நான் வெறும் வழிதானே.

இங்கே தப்புப் பெட்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வெட்டும்போது ஒரு எழுத்து பிசகினால் அந்தத் தகடு போச்சு. பித்தளையில் ரப்பர் போட்டு அழிக்க முடியாது. அப்படிப் பாழான தகடுகளைப் பட்டறை மேஜைக்கு அடியில் ஒரு மரப்பெட்டியில் போட்டு வைப்போம். பிறகு திருப்பிப் பின்பக்கத்தில் வேறு யாருக்காவது வெட்டிக் கொடுப்போம். எத்தனையோ பெரிய மனிதர்களின் பெயருக்குப் பின்னால் இன்னொருவரின் பிழை சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. என் கணவர் வெட்டியது அந்தப் பெட்டிக்குப் போயிருக்கிறது, என் கொழுந்தன் வெட்டியது கூடை கூடையாகப் போயிருக்கிறது. முதலாளி வெட்டியது மட்டும் இதுவரை ஒன்றுகூடப் போனதில்லை. இதை அவரே எல்லோரிடமும் சொல்லுவார். கேட்காதவர்களிடமும் சொல்லுவார்.

ஆஸ்பத்திரி நடைபாதையில் நர்ஸ் வந்து சொன்னபோது முதலாளிதான் முன்னால் நின்றாராம். என் கணவர் பிறகு எனக்கு நடித்தே காட்டினார்.

"பொண்ணு பொறந்திருக்குங்க."

"நல்லாப் பாத்தீங்களா?"

"இதுல உத்துப் பாக்க என்ன ஐயா இருக்கு? பாத்தவுடனே தெரியும்."

முதலாளி சட்டைப் பையில் இருந்த அளவு நாடாவை எடுத்து, இழுத்து, மறுபடி சுருட்டி வைத்துக்கொண்டார். மறுநாள் காலையில் என் கணவர் ஒரு ஸ்க்ரூ டிரைவரோடு தூணுக்குப் பக்கத்தில் போய் நின்றிருக்கிறார்.

"என்னடா பண்ற?"

"பலகையைக் கழட்டிடலாம்னு பாத்தேம்ப்பா."

"ஏன், பலகையில என்ன தப்பு? எழுத்து கோணலா? இடைவெளி சரியில்லையா?"

"அதெல்லாம் இல்லப்பா. பொண்ணு பொறந்திருக்கே..."

"நான் வெட்டின பலகையைக் கழட்டி அந்தப் பெட்டியில போடணுங்கிறியா? ஊரே பாத்துட்டுப் போயிருக்கு. மாட்டினது மாட்டினதுதான். குழந்தைக்கு அந்தப் பேரை வை."

தீர்ந்தது. பலகை சரி, குழந்தைதான் கொஞ்சம் பிசகி வந்துவிட்டது. குழந்தையைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தில் வெட்ட முடியாது என்பதால் அப்படியே ஏற்றுக்கொண்டார்கள்.

எனக்கும் ஒரு பெயர் மனதில் இருந்தது. மூன்றே எழுத்து, காற்று மாதிரி ஒரு பெயர். பையனாக இருந்தால் அவர்கள் இஷ்டம், பெண்ணாக இருந்தால் என் இஷ்டம் என்று நானே எனக்குள் ஒப்பந்தம் போட்டு வைத்திருந்தேன். ஒப்பந்தத்தில் எதிர்க்கட்சி கையெழுத்துப் போடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பால் கட்டி நெஞ்சு வலித்த வலியோடு சேர்த்து அழுது தீர்த்தேன். மாமியார் வந்து ஆறுதல் சொன்னார்.

"அழாதம்மா. பச்ச உடம்பு. பேரு என்ன உடம்புலயா ஒட்டிக்கப் போகுது? பலகையில அது இருந்துட்டுப் போகட்டும், வீட்டுல நாம வேற ஏதாவது செல்லமாக் கூப்பிட்டுக்கலாம்."

அந்தச் செல்லப் பெயர் என்ன ஆயிற்று தெரியுமா? மாமியாருக்குத் தன் மாமனார் பெயரைச் சொல்ல நா எழாது. அதனால் குழந்தையைத் தூக்கியவுடனே "பெரியவர்" என்றார். அதுவே நிலைத்துவிட்டது. பெரியவர் பால் குடிச்சாரா? பெரியவர் தூங்கறார், சத்தம் போடாதீங்க. ஐயோ, பெரியவர் மெத்தையை நனைச்சுட்டார். வெள்ளைச் சட்டை போட்டு வந்த ஒரு வாடிக்கையாளர், மாடியிலிருந்து கேட்ட இந்தக் கடைசி வாக்கியத்துக்குப் பிறகு, "வயசானா அப்படித்தான், நல்லாப் பாத்துக்குங்க" என்று முதலாளியின் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

முதலாளி மட்டும் அவளைப் பெரியவர் என்று கூப்பிட்டதில்லை. பெயரைச் சொல்லியும் கூப்பிட்டதில்லை. அவருக்கு அவள் பாப்பாதான். வீட்டில் ஒரே குழந்தை, பாப்பா என்கிறார், இதில் என்ன இருக்கிறது என்று நானும் விட்டுவிட்டேன்.

அடுத்ததாக நடந்ததுதான் வேடிக்கை. எங்கள் பல் டாக்டர் தன் கிளினிக்குக்குப் புதுப் பலகை சொல்ல வந்தார். தூணைப் பார்த்தார், என் இடுப்பில் இருந்த குழந்தையைப் பார்த்தார், கண் கலங்கிவிட்டார்.

"பொண்ணுக்கு இந்தப் பேரா! தொழிலுக்கும் அவதான் வாரிசா! முதலாளி, உங்க தலைமுறையில இப்படி ஒரு மனுஷனா?"

முதலாளி ஒரு கணம் விழித்தார். ஒரே கணம்தான். மறு கணம் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பையன் என்ன, பொண்ணு என்ன டாக்டர். நான் ரொம்ப யோசிச்சு வச்ச பேரு" என்றார். நான் குனிந்து குழந்தையின் மூக்கைத் துடைத்தேன். துடைக்க ஒன்றும் இல்லை, சிரிப்பை எங்காவது வைக்க வேண்டுமே. அன்றிலிருந்து முதலாளி முற்போக்காகிவிட்டார். வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் பெண்ணுரிமை பற்றி ஒரு சின்ன உரை. பல் டாக்டரும் தன் நோயாளிகளிடம் இந்தக் கதையைச் சொல்லுவாராம். வாயைத் திறந்து வைத்திருப்பவர்கள் மறுத்துப் பேசவா போகிறார்கள்?

எனக்கு அந்தப் பெயர் பழக நாளாயிற்று. குழந்தை டாக்டர் அறையில் பெயரைக் கூப்பிடும்போது நான் எழுந்து போனால், "பையன் எங்கம்மா?" என்பார்கள். இடுப்பில் இருப்பவளைக் காட்டுவேன். சிலர் சிரிப்பார்கள், சிலர் என்னைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள். சிரிக்கிறவர்களை அவள் முறைப்பாள். முறைப்பில் மீசை ஒன்றுதான் குறைச்சல். மெல்ல மெல்ல எனக்கே தெரியாமல் அது அவள் பெயராயிற்று. நடக்கத் தொடங்கியதும் அவள் தினமும் போய் நிற்கிற இடம் அந்தத் தூண்தான். ஸ்டூலில் ஏறி, எழுத்துகளின் பள்ளத்தில் விரலை விட்டு, ஒவ்வொரு வளைவாகத் தடவுவாள். அவள் எழுத்துப் படித்தது தாளில் இல்லை, அந்தப் பித்தளையில். யாராவது உள்ளே வந்தால், "இது நான்" என்பாள். என் பேரு என்றுகூட இல்லை. இது நான்.

அவள் பள்ளிக்கூடம் சேர வேண்டிய வருஷத்தில் என் கொழுந்தன் மனைவிக்குப் பையன் பிறந்தான். நல்ல கொழுகொழுவென்று இருந்தான், அவன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய முதலாளியின் நடையே மாறியிருந்தது. அன்று சாப்பாட்டு மேஜையில் விஷயத்தை எடுத்தார்.

"பேருக்கு உரிய ஆளு வந்தாச்சு."

எனக்கு முதலில் புரியவில்லை. என் கணவருக்குப் புரிந்துவிட்டது என்பது அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்ததில் தெரிந்தது.

"பாப்பாவுக்கு வேற பேரு வச்சுக்கலாம். சின்னப் பிள்ளை, மறந்துடுவா. ஸ்கூல்ல சேக்கறதுக்கு முன்னாடி மாத்திட்டா வேலை சுலபம். வக்கீல் நம்ம வாடிக்கையாளர்தான், அவர் பாத்துக்குவார்." பிறகு என் பக்கம் திரும்பிப் பெரிய மனது பண்ணினார். "ஏம்மா, நீ கூட ஏதோ ஒரு பேரு ஆசைப்பட்டியாமே. அதையே வச்சுக்கோ."

பலகை? அது அப்படியே இருக்கும். எழுத்து மாறப்போவதில்லை, எழுத்துக்குப் பின்னால் இருக்கிற ஆள்தான் மாறப்போகிறது. பெயர் யாருக்கோ அந்த வாசலும் அவருக்கே. நாலு வருஷமாக என் மகள் அந்தப் பெயரைச் சும்மா காய்ந்து போகாமல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள், அவ்வளவுதான். பெண்ணுரிமை உரைகளை எல்லாம் என்ன செய்வது என்று கேட்க நினைத்தேன். கேட்காமல் அவருக்கு ரசம் ஊற்றினேன்.

அறைக்குள் வந்ததும் என் கணவர் மெதுவாக ஆரம்பித்தார்.

"நீதானே அன்னைக்கு அப்படி அழுத? இப்ப உனக்குப் பிடிச்ச பேரே கிடைக்குதுல்ல?"

"அழுதேங்க. அந்த மூணெழுத்துப் பொண்ணு பொறக்கவே இல்ல. பொறந்தது இவ. இவளுக்கு அந்தப் பேரைச் சொன்னா நானே திரும்பிப் பாக்க மாட்டேன், அவ எப்படிப் பாப்பா?"

"அப்பாகிட்ட யாரு பேசறது?"

"உங்க அப்பாதானே?"

"அதனாலதான் கேக்கறேன்" என்றார். என் கணவர் நல்லவர். நல்லவர்களால் ஆகிற காரியங்கள் சில உண்டு, இது அதில் ஒன்றில்லை.

விஷயம் குழந்தைக்குத் தெரிய வேண்டாம் என்று நினைத்தேன். ஆனால் என் கொழுந்தன் வாய்க்குப் பூட்டுக் கிடையாது. ஒரு சாயங்காலம் அவளைத் தூணுக்குப் பக்கத்தில் பார்த்துவிட்டு, "இனிமே இது தம்பி பேரு, தெரியுமா?" என்று கொஞ்சியிருக்கிறான். அவள் நேராக என்னிடம் வந்தாள். அழவில்லை. கணக்குக் கேட்கிற முகம்.

"அம்மா, அது தம்பி பேருன்னா, அதைக் கூப்பிட்டா நான் திரும்பக் கூடாதா?"

பிரசவத்தின்போதுகூட எனக்கு இவ்வளவு பயம் வரவில்லை. "நீ திரும்புடி. நான் பாத்துக்கறேன்" என்றேன். எப்படிப் பார்த்துக்கொள்ளப் போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. அவள் தலையை ஆட்டிவிட்டுப் போய் மறுபடி ஸ்டூலில் ஏறிக்கொண்டாள்.

கொழுந்தன் மனைவியையும் பிள்ளையையும் வீட்டுக்கு அழைத்து வந்த அன்று பட்டறைக்கு விடுமுறை. மேஜைகளைத் துடைத்து, கேக்கும் டீயும் வைத்து, பழைய வாடிக்கையாளர்களைக் கூப்பிட்டிருந்தார்கள். பல் டாக்டர் வந்திருந்தார். பாலிஷ்காரர் புதுச் சட்டையில் வந்திருந்தார், கை மட்டும் வழக்கம்போலக் கறுப்பு. ஓரகத்தி ஒரு நாற்காலியில் பிள்ளையோடு உட்கார்ந்திருந்தாள். அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்த நாற்காலியில் நானும் உட்கார்ந்திருக்கிறேன், தெரியும்.

முதலாளி தானே ஸ்டூலில் ஏறி, தூணிலிருந்து ஸ்க்ரூக்களைக் கழற்றி, பலகையை இறக்கினார். தூணில் அது இருந்த இடம் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. என் மகள் அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஸ்க்ரூக்களைத் தாத்தா மேஜையில் வைத்தார், அவை உருண்டு ஓடாமல் அவள் எடுத்துக் கையில் மூடிக்கொண்டாள்.

முதலாளி தொண்டையைச் செருமினார். "இந்தப் பலகை எங்க அப்பா பேரு. என் கையால வெட்டினது. இன்னைக்கு இது சேர வேண்டிய இடத்துக்குச் சேருது" என்று ஆரம்பித்து, அதைப் பிள்ளையின் பக்கத்தில் வைக்கப் போனார்.

நான் எழுந்தேன். என்ன சொல்லப் போகிறேன் என்று திட்டமெல்லாம் இல்லை. கால்தான் முதலில் போயிற்று.

"மாமா, ஒரு நிமிஷம். அதை இப்படிக் குடுங்க."

நல்ல நாளும் அதுவுமாக மருமகள் கையை நீட்டினால் என்ன செய்வார்? ஏதோ துடைத்துக் கொடுக்கப் போகிறேன் என்று நினைத்துக் கொடுத்துவிட்டார். நான் மேஜைக்கு அடியில் குனிந்து தப்புப் பெட்டியை இழுத்து வெளியே வைத்தேன். மரம் தரையில் உரசிய சத்தத்தில் பேச்செல்லாம் நின்றுவிட்டது.

"என்னம்மா பண்ற?"

"பெட்டியில போடறேன் மாமா. இது பெரியவருக்குன்னு சொல்லித்தானே இத்தனை நாளும் தொங்கவிட்டீங்க? இப்ப அவளுக்கு இல்லங்கிறீங்க. அப்ப ஆளு மாறிப்போன பலகைதானே இது? தப்புப் பலகைக்கு நம்ம பட்டறையில இடம் இதுதானே?"

பாலிஷ்காரர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். வாழ்க்கையில் பார்க்கவே மாட்டோம் என்று நினைத்த ஒன்றைப் பார்க்கப் போகிற சந்தோஷம் அவர் முகத்தில் இருந்தது. "முதலாளி கைப்பலகை இதுல விழுந்ததே இல்லையே" என்றார்.

பல் டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. "தப்பா? என்ன முதலாளி, யோசிச்சு வச்ச பேருன்னு நீங்கதானே சொன்னீங்க? நான் எத்தனை பேருகிட்ட சொல்லியிருக்கேன்!"

"தப்புன்னு யாரு சொன்னது?" என்றார் முதலாளி. காது மடல் சிவந்திருந்தது.

"அப்ப சரிங்களா மாமா?"

"என் கையில தப்பு வராது."

"அப்ப இது அவ பேருதான்?"

பலகை என் கையில் பெட்டிக்கு நேர் மேலே இருந்தது. நல்ல கனம். ஆமாம் என்றால் பேரனுக்குப் பெயர் போச்சு. இல்லை என்றால் முதல் தடவையாகத் தன் கைவேலையைத் தானே பெட்டியில் பார்க்க வேண்டும், அதுவும் இத்தனை பேர் முன்னால், கேக் வெட்டுகிற நேரத்தில். பேத்தி, பேரன், நியாயம் என்றெல்லாம் அவர் யோசித்திருப்பார் என்று நான் நம்பவில்லை. அந்தப் பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து என் ஓரகத்தி வாயைத் திறந்தாள்.

"மாமா, எம் புள்ளைக்கு நானே ஒரு பேரு யோசிச்சு வச்சிருக்கேன். இதுவரைக்கும் யாரும் கேக்கல, அதான் சொல்லல."

எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. கையில் பலகை இருந்ததால் முடியவில்லை.

"அதுக்கென்ன, வச்சுக்கோ" என்றார் முதலாளி, யாரையும் பார்க்காமல். "நான் இதைக் கழட்டினதே பாலிஷ் போடத்தான். ரொம்ப மங்கியிருந்துச்சு." பலகையில் அவர் முகம் மூக்குமுடி வரை தெரிந்தது. பாலிஷ்காரர் பெருமூச்சு விட்டுவிட்டு டீயை எடுத்துக்கொண்டார்.

முதலாளி பலகையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு மறுபடி ஸ்டூலில் ஏறினார். வெள்ளைத் தடத்தின் மேல் சரியாகப் பொருத்தி, ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையைப் பின்னால் நீட்டினார்.

"பாப்பா, அந்த ஸ்க்ரூவைக் குடு."

என் மகள் அசையவில்லை.

"பாப்பா! ஸ்க்ரூ!"

அவள் நாற்காலிப் பக்கம் திரும்பித் தம்பியை ஒரு தடவை நன்றாகப் பார்த்தாள். பிறகு பொறுமையாகச் சொன்னாள். "பாப்பா தூங்கறான் தாத்தா. அவனால ஸ்க்ரூ எல்லாம் தர முடியாது."

யாரோ சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. பலகையை விட்டால் விழுந்துவிடும், பிடித்தால் கை வலிக்கும். நாங்கள் யாரும் உதவிக்குப் போகவில்லை. என் கணவர் எழப் பார்த்தார், நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன்.

முதலாளி கண்ணுக்கு நேரே இருந்த எழுத்துகளைப் பார்த்தார். பிறகு அந்தப் பெயரைச் சொன்னார். அவர் அப்பாவின் பெயரை, முழுசாக, புதிதாக எழுத்துக் கூட்டுகிறவர் மாதிரி மெதுவாக. அந்த வீட்டில் அது அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"என்ன தாத்தா?" என்றாள் என் மகள். விரலைப் பிரித்து முதல் ஸ்க்ரூவை எடுத்துக் கொடுத்தாள்.